கோலாலம்பூரில் இறக்க ஸ்லாலம் பந்தயப் பாதை போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செந்தூல், பத்துமலை, ரவாங் பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து இறக்கத்தில் கோன் வைத்து ஸ்கேட்போர்ட் ஓட்டத் தொடங்கியதிலிருந்து, வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் சிலர் தாங்களே பந்தயம் நடத்தப் பார்க்கிறார்களாம். நல்லது, நடத்துங்கள். ஆனால் கோனைக் கையில் எடுப்பதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள், குறிப்பாக நிற்கும் இடத்தைப் பற்றி எழுதியிருப்பதை.

ஸ்லாலம் என்றால் என்ன? வேகமாக இறங்குவதுதானே?

இல்லை. சும்மா இறங்கி யார் முதலில் கீழே வருகிறார் என்று பார்ப்பது டவுன்ஹில். ஸ்லாலத்தில் வரிசையாகக் கோன் நிற்கும், ஒன்றுக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று வளைந்து வளைந்து போக வேண்டும், கோனையும் தட்டக் கூடாது, நேரமும் குறைவாக இருக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு வளைவிலும் இடுப்பையும் முழங்காலையும் போட்டு போர்டை உந்துவார். அதற்குப் பம்ப்பிங் என்று பெயர். காலைத் தரையில் வைக்காமலே வேகம் கூடும், பார்க்கும்போது நம் கண்ணையே நம்ப முடியாது.

வகைகள் மூன்று. கோன்கள் நெருக்கமாக நிற்பது டைட் ஸ்லாலம். விலகி நின்று, பாதையே அகலமாக வளைந்து, வேகமும் அதிகமாக இருப்பது ஜயண்ட் ஸ்லாலம். இரண்டுக்கும் நடுவில் ஹைபிரிட். முதன்முதலாகப் பந்தயம் போடுகிறவர்கள் டைட்டில் ஆரம்பியுங்கள்.

இது புதிதாக வந்த விளையாட்டா?

கிடையாது. ஒலிம்பிக்கில் டோக்கியோவிலிருந்து ஸ்கேட்போர்ட் இருக்கிறது, ஆனால் அங்கே பார்க், ஸ்ட்ரீட் இரண்டும் மட்டும்தான், அதனால் நம் பிள்ளைகளுக்கு ஸ்லாலம் கண்ணில் படவில்லை. 1970களில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரிதேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்த களிமண் கலவைச் சக்கரம் ஒரு சின்னக் கல் பட்டாலே நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். யூரிதேன் தரையைப் பிடித்துக்கொண்டது, கோன் நடுவே வேகமாக வளைய முடிந்தது. கலிபோர்னியாவில் லா கோஸ்டா என்ற இடத்தில், வீடு கட்டுவதற்கு முன்பே தார் போட்டு வைத்திருந்த காலிச் சாலைகளில்தான் அந்தக் காலத்துப் பெரிய ஓட்டக்காரர்கள் பழகினார்கள். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த கேள்வியில் பாருங்கள்.

எந்த மாதிரிச் சாலையைத் தேட வேண்டும்?

லா கோஸ்டா மாதிரியேதான். நம் பக்கம் புதுத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குறைவே இல்லை. தார் போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, ஆனால் சாவி கொடுக்கவில்லை என்ற நிலையில் இருக்கும் தாமான் கிடைத்தால், வேறு எதையும் தேடாதீர்கள், நேராக டெவலப்பர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். வாகனம் இல்லை, வீட்டு வாசல் இல்லை, தார் புதுசு.

சாலையைக் காடியில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், நடந்து பாருங்கள், ஒரு முறை மேலிருந்து கீழே, ஒரு முறை கீழிருந்து மேலே. மேன்ஹோல் மூடி, விரிசல், பூனைக்கண், வேகத்தடை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்திப்புக்கு முன்னால் குறுக்கே போட்டிருக்கும் தடித்த மஞ்சள் கோடுகள் கொஞ்சம் ஈரமானாலும் வழுக்கும், வளைவில் அது வரவே கூடாது. மேட்டிலிருந்து மழைநீர் செம்மண்ணை அடித்துக்கொண்டு வந்து சாலையில் பரப்பும் இடம் ஒன்று எல்லாத் தாமானிலும் இருக்கும். இன்றைக்குக் கூட்டினாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும், அதனால் பாதையை அந்த இடத்தைத் தவிர்த்துப் போடுங்கள். அங்சானா மரத்தடியும் அப்படித்தான், இலையும் காயும் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சரிவு வேண்டும்? எப்படி அளப்பது?

டைட் ஸ்லாலத்துக்கு 100 மீட்டரில் 3 முதல் 5 மீட்டர் இறங்கினால் எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் இறக்கத்தை உராய்வும் காற்றும் இல்லாமல் இறங்கினால் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகம் வரும். நிஜத்தில் சக்கரமும் காற்றும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், பம்ப்பிங் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இதே கணக்கை 200 மீட்டருக்கு 16 மீட்டர் இறங்கும் சாலையில் போட்டால் 64 கிலோமீட்டர் என்று வருகிறது. காகிதத்தில் வரும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இரண்டு நல்ல சாலைகளை வேண்டாம் என்று விட்டோம்.

அளப்பதற்கு போனில் இருக்கும் சாய்வுமானி பரவாயில்லை. ஆனால் அது போன் வைத்த அந்த ஓர் அடியின் சரிவைத்தான் காட்டும். கட்டட வேலை செய்யும் மாமா யாராவது இருந்தால் அவரிடம் தண்ணீர் ஊற்றிய ட்யூப் மட்டம் இருக்கும், அதை வைத்துப் பத்துப் பத்து மீட்டராக அளந்துகொண்டே போனால் எங்கே திடீரென்று செங்குத்தாகிறது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் அணியில் ஒரு பையனின் அப்பா அப்படித்தான் அளந்து கொடுத்தார். கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்த சாலை நடுவில் இரண்டு மடங்கு சரிந்திருந்தது.

சரி, சாலை கிடைத்துவிட்டது. முதல் கோனை எங்கே வைப்பது?

முதல் கோனைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். முதலில் கீழே போய் நில்லுங்கள். ஓட்டுகிறவர் எங்கே நிற்பார்? அதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து மேலே ஏறி முடிவுக்கோடு போடுங்கள், அதற்கு மேலே கடைசிக் கோன், அப்படியே ஏறிக்கொண்டே போய்க் கடைசியில்தான் தொடக்கம். பாதையைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் தப்பாகச் செய்து கற்றேன். எங்கள் இரண்டாவது பந்தயத்தில் மேலேயிருந்து ஆசை ஆசையாகக் கோன் வைத்துக்கொண்டே வந்தேன், பாதை அருமையாக அமைந்தது, முடிவுக்கோடு போடும்போது கீழே மிச்சம் இருந்தது 15 மீட்டர்தான். அதற்கப்புறம் சாலை வலப்பக்கம் திரும்புகிறது, எதிரே திறந்த லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். காலால் பிரேக் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தன் வாழ்நாளிலேயே வேகமான ஓட்டத்தை ஓடி முடித்தான், சந்தோஷத்தில் கையைத் தூக்கினான், பிரேக் பிடிக்க மறந்தான். லோங்காங் விளிம்பில் மோதி மணிக்கட்டு உடைந்தது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தப்பு அவனுடையது இல்லை, கோடு போட்டவன் நான்.

கணக்கு இதுதான். மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறவர் ஒரு காலைத் தேய்த்து ஓரளவு நிதானமாக நின்றால் சமதளத்தில் சுமார் 31 மீட்டர் தேவை. நிற்கும் இடமும் 4 விழுக்காடு சரிந்திருந்தால் கிட்டத்தட்ட 39 மீட்டர். இது எல்லாம் சரியாக நடந்தால். கையைத் தூக்குகிறவர், சறுக்கிவிட்டவர், காலணி தேய்ந்தவர் எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் இப்போது 60 மீட்டருக்குக் குறைந்து விடுவதில்லை. அந்த 60 மீட்டரில் கடைசிப் பகுதி மேடாக ஏறினால் இன்னும் நல்லது. முடிவில் நிற்கும் கூட்டத்தை இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தள்ளி வையுங்கள், படம் எடுக்கிறேன் என்று யாரும் நடுவில் வரக் கூடாது, அப்பாவானாலும் சரி. ஓரத்தில் கம்பமோ கல்லோ இருந்தால் பழைய மெத்தையைக் கட்டுங்கள், எந்தத் தாமானிலும் தூக்கிப்போட்ட மெத்தை கிடைக்கும்.

கோனுக்குக் கோன் எவ்வளவு இடைவெளி?

டைட் ஸ்லாலம் என்றால் 1.5 முதல் 2 மீட்டர், ஜயண்ட் என்றால் 3 மீட்டருக்கும் மேலே. ஆனால் வெறும் எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் 1.8 மீட்டர் இடைவெளி என்றால் வினாடிக்குச் சுமார் நான்கு கோன். பழகியவருக்கு அது நல்ல தாளம். அதே 1.8 மீட்டரை 40 கிலோமீட்டரில் வைத்தால் வினாடிக்கு ஆறு கோன், நம் பிள்ளைகள் யாருடைய இடுப்பும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. நான் வினாடிக்கு மூன்று அல்லது நான்கு என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன வேகம் வரும் என்று பார்த்து இடைவெளியைப் பிரிக்கிறேன். அதனால் மேலே நெருக்கமாகத் தொடங்கி, கீழே போகப் போக அகலும்.

தவில் வாசிப்பவர் காலத்தைக் கூட்டும்போது மெல்லக் கூட்டுவார் அல்லவா, இடைவெளியும் அப்படித்தான் மாற வேண்டும். 2 மீட்டரிலிருந்து சட்டென்று 3 மீட்டருக்குத் தாவினால் ஓட்டுகிறவர் தடுமாறுவார், அது திறமைக்கான சோதனை இல்லை, பாதை போட்டவரின் பிழை. சவால் வேண்டுமென்றால் நடுவில் இரண்டு மூன்று கோனைக் கோட்டிலிருந்து ஓரடி பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், வேகம் இன்னும் ஏறாத மேல்பாதியில். கடைசிப் பத்துக் கோன் எளிதாகத்தான் இருக்க வேண்டும். களைத்த காலோடு உச்ச வேகத்தில் வருகிறவருக்கு அங்கே பொறி வைக்கக் கூடாது.

எல்லாம் வைத்த பிறகு அணியில் வேகமானவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் ஓடவிடுங்கள். இருவரும் ஒரே கோனைத் தட்டினால் அந்தக் கோனை நகர்த்துங்கள்.

போக்குவரத்துக் கோனையே பயன்படுத்தலாமா?

கூடாது. அடியில் கனமான ரப்பர் வைத்த பெரிய கோனில் சக்கரம் ஏறினால் போர்டு நிற்கும், ஆள் நிற்க மாட்டார். பந்துப் பயிற்சிக்கு விற்கும் மென்மையான பிளாஸ்டிக் கோன், சுமார் 20 சென்டிமீட்டர் உயரம், அதுதான் சரி. தட்டு மாதிரி இருப்பவை வேண்டாம், தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பாதைக்கு 40 கோன் என்றால் 60 வாங்குங்கள். நசுங்கும், பறக்கும், லோரிக்காரர் ஒருவர் இரண்டை எடுத்துப் போவார்.

கோன் நகர்ந்தால் பழைய இடம் எப்படித் தெரியும்?

முதலில் கொத்தனார் நூலை இழுத்துப் பிடித்து நேர்கோடு அடியுங்கள், டேப் வைத்து இடங்களைக் குறியுங்கள், அப்புறம் ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் சாக்பீஸால் வரையுங்கள். இந்தச் சாக்பீஸ் கோடுதான் நடுவர். கோன் சாய்ந்துவிட்டால், அல்லது வரைந்த கோட்டை விட்டு முழுசாக வெளியே போய்விட்டால் அது தட்டிய கணக்கு. கொஞ்சமாவது கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தால் கணக்கில்லை.

தட்டினால் என்ன தண்டனை?

பெரும்பாலும் ஒரு கோனுக்கு 0.1 வினாடி கூட்டுவார்கள், ஜயண்டுக்கு அதைவிட அதிகம் வைப்பவர்களும் உண்டு. எத்தனை கோனுக்கு மேல் தட்டினால் ஓட்டமே செல்லாது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து கோனுக்கு ஒரு கோன் பார்ப்பவர் வேண்டும். அவர் கையை உயர்த்தி எண்ணிக்கை காட்டி, கோனைத் திரும்ப வைத்து, ஓரத்துக்கு வந்த பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும். ஓட்டத் தெரியாத தங்கைகள், அக்காக்கள், பெரியம்மாக்கள் எல்லோரும் இதில் கெட்டிக்காரர்கள், எங்கள் பந்தயத்தில் மிக நேர்மையான கோன் பார்ப்பவர் ஒரு பாட்டி.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடலாமா?

விடலாம், பார்ப்பதற்கு அதுதான் விறுவிறுப்பு. இரண்டு பாதையையும் ஒரே டேப்பில் ஒரே இடைவெளியில் போடுங்கள், நடுவில் 3 மீட்டராவது விடுங்கள். ஆனால் எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் இரண்டும் ஒன்றாகாது. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்கும், ஒரு பாதை இடப்பக்கம் சாயும், இன்னொன்று வலப்பக்கம். அதனால் ஒவ்வொரு ஜோடியும் பாதை மாற்றி இரண்டு முறை ஓட வேண்டும், இரண்டு நேரத்தையும் தண்டனையையும் கூட்டிப் பார்த்துத்தான் வெற்றி.

தொடக்கத்துக்கு ராம்ப் (சாய்தள மேடை) கட்டாயமா?

கட்டாயமில்லை. காலால் உந்தித் தொடங்கலாம், முதல் கோனுக்கு முன் பத்து மீட்டர் காலியாக விட்டால் போதும். ராம்ப் வைத்தால் எல்லோருக்கும் ஒரே ஆரம்ப வேகம் கிடைக்கும், 1 மீட்டர் உயர ராம்ப் கிட்டத்தட்ட மணிக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் கனமானவர்களுக்கும் நியாயம் அதுதான். நீங்களே கட்டினால் கீழ்முனையைச் சாலையோடு வளைத்துச் சேருங்கள், முனையில் மெல்லிய தகடு அடியுங்கள். மேலே நிற்கும் பலகையில் ஆள் ஆடினால் ராம்ப் பயன்படாது.

நேரம் எப்படி அளப்பது? எங்களிடம் பெரிய கருவி இல்லை.

ஒளிக்கதிர் வெட்டும்போது நிற்கும் கடிகாரம் இருந்தால் நல்லது. ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அமுக்குவதில் 0.2 வினாடி தவறு சுலபமாக வரும், அது இரண்டு கோன் தண்டனைக்குச் சமம், அதை வைத்து யாரையும் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருவர் பந்தயம் என்றால் முடிவுக்கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் போனை வைத்து வினாடிக்கு 240 படம் என்ற ஸ்லோமோஷனில் எடுங்கள். இருவரும் ஒரே ஒலிக்குக் கிளம்பியிருந்தால், யார் எவ்வளவு முன்னால் வந்தார் என்பது படத்தை எண்ணினாலே தெரியும்.

எந்தப் போர்டு வேண்டும்?

தொடங்குகிறவருக்கு இருக்கும் போர்டு போதும், சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள், 65 முதல் 75 மில்லிமீட்டர், மென்மை 78ஏ முதல் 86ஏ (எண் குறைந்தால் சக்கரம் மென்மை). அப்புறம் முன் ட்ரக் (போர்டுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) நன்றாகத் திரும்ப வேண்டும், பின் ட்ரக் குறைவாகத் திரும்ப வேண்டும். முன்னால் ஓர் ஆப்பு வைத்துக் கோணத்தைக் கூட்டி, பின்னால் அதே ஆப்பைத் திருப்பி வைத்துக் குறைப்பார்கள். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும்.

பாதுகாப்புக்கு என்னென்ன?

தலைக்கவசம், முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, கையுறை. ஜயண்டுக்கு முகம் மூடும் கவசம். போடாதவர் ஓடக் கூடாது, நண்பர் என்றாலும், ஈப்போவிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்தவர் என்றாலும். முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியில் உங்கள் தடுப்பு நிற்கக் கூடாது, இதைப் பலரும் மறக்கிறார்கள். பக்கத்து மருத்துவமனை எது, அவசரப் பிரிவு வாசல் எந்தப் பக்கம் என்று ஒருவர் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா? காலையில் யாரும் இல்லாத நேரத்தில் ஓட்டினால் என்ன?

வாங்க வேண்டும். யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது, பால் கொண்டுபோகிற மோட்டார்சைக்கிள் ஒன்று போதும். கோலாலம்பூருக்குள் என்றால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்), பத்துமலை, ரவாங் என்றால் செலாயாங் நகராண்மைக் கழகம், அம்பாங் என்றால் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். பெரிய சாலை என்றால் பொதுப்பணித் துறையையும் கேட்க வேண்டியிருக்கும், தனியார் நிலம் என்றால் டெவலப்பரின் எழுத்து. எதுவானாலும் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும், பாதையின் வரைபடம், மூடும் நேரம், திறக்கும் நேரம், பொறுப்பாளரின் கைப்பேசி எண் எல்லாம் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஆள் குடியிருக்கும் தாமான் என்றால் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) தலைவரைப் போய்ப் பாருங்கள், வீடு வீடாக மூன்று மொழியிலும் தாள் கொடுங்கள். கோயிலுக்கோ சூராவுக்கோ (சிறு தொழுகை இடம்) மார்க்கெட்டுக்கோ போகிறவர்கள் பாதை மாறிப் போக வேண்டியிருக்கும், அவர்களிடம் முன்னாலேயே சொல்வதுதான் மரியாதை.

எந்த மாதம், எந்த நேரம்?

ஞாயிறு காலை 8.30 முதல் 12 வரை. ஏழு மணிக்கு இங்கே சரியாக விடிந்தே இருக்காது, சாலையும் ஈரமாக இருக்கும். மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் சாக்பீஸ் கோடு முழுக்கப் போய்விடும். ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், ஜூன், ஜூலையில் கொஞ்சம் குறைவு. பத்துமலைப் பக்கம் என்றால் தைப்பூச வாரத்தை நினைத்தும் பார்க்காதீர்கள், சாலையும் கிடைக்காது, உதவிக்கு ஆளும் கிடைக்காது, எல்லோரும் காவடியோடும் தண்ணீர்ப் பந்தலிலும் இருப்பார்கள். தூறல் விழுந்தால் நிறுத்துங்கள். யூரிதேன் ஈரத் தாரில் பிடிக்காது.

பினாங்குக் கொடிமலை ஜீப் பாதையில் போட முடியுமா?

பினாங்குத் தம்பிகள் வருடா வருடம் கேட்கிறார்கள். முடியாது தம்பி. சுமார் 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை அது, 100 மீட்டருக்குப் பன்னிரண்டுக்கும் மேல் சரிவு, நிற்பதற்குச் சமதளம் இல்லை, நடப்பவர்களும் ஜீப்பும் எப்போதும் வரும். மேலே சொன்ன நிற்கும் இடத்துக் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். மலையை விட்டுவிட்டு, புது வீடமைப்புப் பகுதியில் மெதுவான சரிவு ஒன்றைத் தேடுங்கள்.

பந்தயம் முடிந்ததும் உடனே சாலையைத் திறந்துவிடலாமா?

பொறுங்கள். முதலில் கோனை எண்ணுங்கள், புல்லுக்குள் ஒன்று கிடக்கும். ஈர்க்குமாறு எடுத்து ஒரு முறை கூட்டுங்கள், உடைந்த பிளாஸ்டிக், கழன்ற நட்டு எதுவும் மோட்டார்சைக்கிள்காரருக்கு மிஞ்சக் கூடாது. சாக்பீஸ் கோட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மேலே நின்ற பொறுப்பாளர் கடைசியாகக் கீழே நடந்து வருவார், வரும் வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் வாகனத்தைத் தடுக்க நின்றவரையும் சேர்த்துக்கொண்டு வருவார். எல்லோரும் கீழே வந்து தலையை எண்ணிய பிறகு தடுப்பை எடுங்கள். அப்புறம் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரேக், கோன் பார்த்த பாட்டிக்கு முதல் தட்டு.